ஓசூர் போகிறவர்களுக்கு

ஸ்பெயின் தேசத்திற்கோ மெக்ஸிகோவிற்கோ பிரயாணம் புறப்படுகிறவர்கள் முன்னதாகவே ஒரு சிறு புஸ்தகம் வாங்கி, அந்தப் பாஷையில் பத்து வார்த்தைகளைப் பாடம் செய்துகொள்கிறார்கள். ஸ்பெயினில் கடைக்குள் நுழைந்ததும் "புவேனோஸ் தியாஸ்" என்று வந்தனம் சொல்லிவிட்டே பண்டம் கேட்க வேண்டும், இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்கு முன் எதிர்பார்க்கலாகாது என்றெல்லாம் விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஓசூருக்குப் போகிறவர் யாராவது இப்படி ஆயத்தம் செய்துகொள்வதுண்டா? "நம் தமிழ்நாட்டு ஊர்தானே!" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

நம் ஊர்தான், சந்தேகமில்லை. ஆயினும் அங்கே சந்தையில் தெலுங்கு கேட்கும். தளிப் பக்கம் போனால் கன்னடம் கேட்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஆலை வாசல்களில் தமிழோடு ஹிந்தியும் சேர்ந்துகொண்டது.

காய்கறிக்காரி நம்மைப் பார்த்து, "எந்த காவாலி?" என்பாள். "எந்தப் போக்கிரி?" என்று தமிழ்க் காதில் விழும். கோபித்துக்கொள்ள வேண்டாம். "எவ்வளவு வேண்டும்?" என்பதற்குத் தெலுங்கு அது. அடுத்த கடைக்காரர், "எஷ்டு பேக்கு?" என்பார். அவரும் நம்மை அசடு என்று கண்டுபிடித்துவிடவில்லை. அதே கேள்வியைக் கன்னடத்தில் கேட்கிறார், அவ்வளவுதான். இரண்டு அண்டைப் பாஷைகளிலும் "வேண்டும்" என்ற வார்த்தை நமக்கு மட்டும் வசவாக வந்து வாய்த்திருக்கிறது! இதற்கு ஒரு சுலபமான உபாயம் உண்டு. "அண்ணா", "அக்கா" என்ற இரண்டும் மூன்று பாஷைகளுக்கும் பொதுச் சொத்து. அவற்றைச் சொல்லி ஆரம்பித்தால் மிச்ச வியாபாரம் பெரும்பாலும் தமிழிலேயே நடந்துவிடும்.

ஆனால் ஒரு கேள்வியை மாத்திரம் கேட்காதீர்கள். தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவரிடம், "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று விசாரிக்கிறோமே, அது மிகவும் புண்படுத்தும். அவர் எங்கிருந்தும் வரவில்லை. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்பே ஓசூர் கும்பினியார் கைக்கு வந்து சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது கோடு ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே நின்றது. மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கோட்டுக்கு அப்பால் தமிழ் பேசும் குடும்பங்களும் அப்படித்தான் இருக்கின்றன. அவர்களிடம் எவராவது இதே கேள்வியைக் கேட்டால் நமக்கு எப்படியிருக்கும்?

காவிரித் தகராறு மூளும் நாட்களில் இந்தக் கோடு திடீரென்று கண்ணுக்குத் தெரியும். 2016 செப்டம்பரில் பஸ்கள் எல்லையோடு நின்றுவிட்டன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடனும் குழந்தைகளுடனும் நடந்தே கடந்தார்கள். ஆகையால் பெங்களூருக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் அன்றைய பத்திரிகையைப் பார்த்துக்கொள்வது உத்தமம். வாடகைக் காரில் போவதானால், எல்லை தாண்டும் செலவு யாருடையது என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். நடுவழியில் பேசினால் எந்தப் பாஷையும் உதவாது!

ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் கம்பளி அவசியம். சந்திரசூடேசுவரர் மலைக்குக் காலையில் ஏறிவிடுவது நல்லது. 1878-ல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வீட்டை நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறார்கள். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக 1948-ல் பதவியேற்றவர் பிறந்த வீடு எத்தனை எளிமையானது என்று குழந்தைகளுக்குக் காட்டலாம்.

அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் இறங்கினால் கிருஷ்ணகிரி. 2004-ல் ஜில்லாத் தலைநகரான ஊர். ஆனால் ரயில் நிலையம் கிடையாது, பஸ்தான் கதி. கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம், வெயில் அப்படி. வைகாசி, ஆனி மாதங்களில் போனால் சாலையோரமெல்லாம் மாம்பழம் குவிந்திருக்கும். நாம் கிளிமூக்கு என்பதைச் சிலர் பெங்களூரா என்பார்கள், சிலர் தோத்தாபுரி என்பார்கள். மூன்றும் ஒரே பழம்தான்; வெவ்வேறு ஜாதி என்று எண்ணி மூன்று கூடை வாங்கிவிடாதீர்கள்.