சூரியநெல்லி வரை ஒரு சத்தம்

தேனியிலிருந்து போடிநாயக்கனூர் போகும் சாலையில் மேற்கு மலை நாம் நெருங்க நெருங்க உயர்ந்துகொண்டே போகும். நாங்கள் போனது நண்பருடைய பழைய ஃபோர் வீல் ஜீப்பில். கமான் பட்டைகளை மாற்றி நான்கு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் போட்டிருந்தார். வேகம் ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் காலடித் தகட்டுக்குக் கீழே ஓர் உறுமல் கிளம்பியது. உள்ளங்காலில் அதிர்வு ஏறியது.

"கிரவுன் பினியன் போயிடுச்சாம். மொத்தமா மாத்தணும்னு சொல்றாங்க" என்றார். அவர் குரலில் கவலை இருந்தது. பின் அச்சுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடி அது, செலவும் சின்னதில்லை.

இரும்புச் சட்டம் சத்தத்தை வண்டி முழுக்கக் கடத்திவிடும். அதனால் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துச் சொல்வது கஷ்டம். எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று கவனித்தால் துப்புக் கிடைக்கும். அதற்குப் போடி வழி போல வாய்ப்பான சாலை அமையாது. சமவெளி, ஏற்றம், வளைவு, இறக்கம் எல்லாம் ஒரே பயணத்தில் வந்துவிடும்.

ஆளில்லாத நேர்ச்சாலையில் அறுபதில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தோம். எஞ்சின் வேகம் இறங்கியும் உறுமல் முழுதாகப் போகவில்லை. அப்படியானால் எஞ்சினும் கிளட்சும் காரணமில்லை. அதே அறுபதை வேறு கியரில் ஓட்டியபோதும் சுருதி மாறவில்லை. புதுத் தாரிலும் பழைய தாரிலும் ஒரே சத்தம்தான், எனவே டயர் இல்லை. ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினால், தேய்ந்த வீல் பேரிங் பாரம் மாறும்போது குரலை மாற்றும். இங்கே மாறவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் உறுமல் கூடியது, காலை எடுத்தால் குறைந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டோம்.

முந்தல் தாண்டியதும் மலைப்பாதை. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் எங்களைக் கடந்து போயின. போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பினியன் பேரிங்கோ பல்லோ தேய்ந்திருந்தால் இரண்டாம் கியர் இழுவையில் ஊளை கேட்க வேண்டும். கேட்கவில்லை. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள் வளைவில்தான் ஒன்றின்மேல் ஒன்று உருளும். வளைவுகளிலும் புதுச் சத்தம் எதுவுமில்லை. போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறைக்கு இறங்கும்போது, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் நிலையிலும் ஊளை இல்லை. கிரவுன் பினியன்மேல் இருந்த பழி அங்கேயே தீர்ந்தது.

ஆனால் மெதுவாகப் போகையில் இன்னொன்று கேட்டது. குருவி கத்துவது போல் கீச் கீச். வேகத்துக்கு ஏற்ப அதன் தாளமும் விரைந்தது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு 'டக்'.

ஆனையிறங்கல் அணையைக் கடந்து சூரியநெல்லி போய்ச் சேர்ந்தோம். சுமார் 7,900 அடி உயரத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு அங்கிருந்து வாடகை ஜீப்பில்தான் போக வேண்டும். ஜீப் வரிசையில் நின்ற ஒரு மூத்த ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னோம். சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு அடியில் புகுந்தார். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்துத் திருகினார்.

"வந்து பாருங்க தம்பி."

பின்பக்க யூ ஜாயின்ட் கிராஸின் மூடியோரம் செம்மண் நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தது. கிரீஸ் வற்றி, உள்ளே ஊசி பேரிங்குகள் உலர்ந்து உரசியதற்கு அடையாளம் அது. கீச்சும் டக்கும் அங்கிருந்துதான்.

"உறுமல் இதனால வரலை. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல ஆப்பு வச்சிருக்காங்க, பாருங்க. பினியன் மூக்கு எவ்வளவு தூக்கி நிக்குது!"

"உயர்த்தினா ஆப்பு வைக்கணும்னு சொன்னாங்களேண்ணே?"

"எந்த ஷாஃப்டுக்குன்னு பாத்து வைக்கணும் தம்பி."

கைபேசியில் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து அளந்தோம். ஷாஃப்டின் முன்முனை பொருந்தும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனை பின்னோக்கி 4 டிகிரி தாழ்ந்திருந்தது. ஷாஃப்டின் சரிவு 17. பினியன் மூக்கு 10 டிகிரி மேலே. ஆக முன் ஜாயின்ட் 13 டிகிரி மடங்குகிறது, பின் ஜாயின்ட் 7 தான்.

17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே மூட்டுதான் இன்றும் ஜீப்பின் அடியில் சுழல்கிறது. மடங்கிய நிலையில் அது சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். 20 டிகிரி மடங்கினால் வேகம் நூற்றுக்கு ஆறு வரை கூடிக் குறையும். முன் மூட்டு செய்யும் இந்தக் கோணலைப் பின் மூட்டு நேர்செய்ய வேண்டுமானால் இரண்டும் ஒரே அளவு மடங்க வேண்டும். அதாவது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் அச்சும் பினியனின் அச்சும் இணையாக இருக்க வேண்டும். பினியனை ஷாஃப்டின் நேருக்குத் தூக்குவது, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயின்ட் உள்ள ஷாஃப்டுக்கான முறை. நண்பரின் வண்டியில் இரு முனையிலும் ஒற்றை ஜாயின்ட். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அச்சு முறுக்கி, பட்டை வளைந்து, மூக்கு இன்னும் எழும். மிதித்தபோது உறுமல் கூடிய காரணம் புரிந்தது.

மூத்த ஓட்டுநர் கிரீஸ் கன் எடுத்து வந்து அடித்துக் கொடுத்தார். பிறகு அவர் ஜீப்பிலேயே கொழுக்குமலை ஏறினோம். கல்லும் பள்ளமுமான பாதை, குலுக்கிய குலுக்கலில் பேசவே முடியவில்லை. அந்த வண்டியின் அடியிலிருந்து ஓர் உபரிச் சத்தமும் வரவில்லை. தினமும் சவாரி முடிந்ததும் ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்ப்பாராம்.

மெதுவாகவே போடிக்கு இறங்கி, ஒரு பட்டறையில் ஆப்பை எடுத்துவிட்டுப் புதுக் கிராஸ் போட்டோம். பினியன் 4 டிகிரிக்கு வந்தது, இரு மூட்டும் 13இல் நின்றன. 13 அதிகம்தான், கிராஸ் சீக்கிரம் தேயும், அடிக்கடி கிரீஸ் வேண்டும். ஆனால் சமமாக இருந்ததால் தேனிச் சாலையில் அறுபதிலும் உறுமல் எழவில்லை. கிரவுன் பினியனை யாரும் தொடவே இல்லை.

வண்டியை உயர்த்த ஆசைப்படுவதில் தப்பில்லை. உயரம் கூடும்போது ஷாஃப்டின் சாய்வும் கூடும், அந்தக் கணக்கை யாராவது பார்த்தே ஆக வேண்டும். உயர்த்துவதற்கு முன்னும் பின்னும் அந்த மூன்று கோணங்களை அளந்து எழுதி வையுங்கள். பிறகு சத்தம் வந்தால், உதிரிப்பாகக் கடைக்குப் போவதற்கு முன் ஏற்றமும் இறக்கமும் உள்ள ஒரு சாலைக்குப் போங்கள்.