அப்பா தொட்டுப் பார்த்த பட்டை

பட்டாயாவுக்குப் போகிறோம் என்று சொன்னால் அண்ணனூரில் யாருக்கும் கடல் ஞாபகத்துக்கு வராது. ஒரு சிரிப்புதான் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று சிரிப்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் பணி ஓய்வு பெற்ற அப்பாவும், முழங்கால் வலிக்கார அம்மாவும், அவர்களுடைய கல்யாணமாகாத மகளும் ஒரே பேக்கேஜில் போகிறார்கள் என்றதும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். "ஓ, ஃபேமிலியா போறீங்களா?" என்பார்கள்.

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஆக்கியதிலிருந்து எங்கள் பக்கத்திலிருந்து இப்படிக் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். முன்பு ஊட்டி, கொடைக்கானல் என்று போர்டு வைத்திருந்த டிராவல்ஸ்காரர்கள் இப்போது பாங்காக், பட்டாயா என்று வைக்கிறார்கள். நான்கு இரவு, ஐந்து பகல், இந்தியச் சாப்பாடு உட்பட. நாங்கள் ஒரு பொங்கல் விடுமுறையில் போனோம்.

கிளம்பும் முன் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதில் தொழில் என்று ஒரு கட்டம். அம்மாவுக்கு இல்லத்தரசி, எனக்கு சாஃப்ட்வேர். அப்பாவிடம் கேட்டேன்.

"ரிட்டயர்டுன்னு போடும்மா."

"என்ன வேலைன்னு கேக்குறான்ப்பா."

"அப்போ சென்ட்ரல் கவர்ன்மென்ட்டுன்னு போடு."

இது புதிதில்லை. என் பள்ளிக்கூடப் படிவம், கல்லூரி விண்ணப்பம், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்த பயோடேட்டா எல்லாவற்றிலும் தந்தையின் தொழில் என்ற இடத்தில் அவர் சொல்லி எழுதவைத்தது 'மத்திய அரசுப் பணி' என்பதுதான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆவடியிலுள்ள படைத்துறை ஆடைத் தொழிற்சாலையில் அப்பா டெய்லர். முப்பத்து நான்கு வருஷம் ராணுவத்துக்குச் சட்டை, கால்சட்டை, கோட்டு தைத்தார். 2021 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டின் 41 படைத்துறைத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஆவடி ஆலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்டின் கீழ் போனது. "சேந்தப்ப கவர்ன்மென்ட்டு, வெளிய வர்றப்ப கம்பெனி" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

*

பட்டாயாவிலிருந்து கோ லான் தீவு சுமார் ஏழு கிலோமீட்டர். நம் டிராவல்ஸ்காரர்கள் கோரல் ஐலண்ட் என்பார்கள். ஸ்பீட் போட் நேராகத் தீவுக்குப் போவதில்லை. நடுக்கடலில் மிதக்கும் ஒரு மேடையில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அங்கேதான் பாராசெய்லிங்.

தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் திருவிழா போல இருக்கிறது. விசில் சத்தம், இந்தி, தெலுங்கு, தமிழ், வரிசை, தள்ளுமுள்ளு. மேடையின் ஒரு ஓரத்தில் வண்ணக் குடைகள் காற்றில் உப்பி நிற்கின்றன. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் மாட்டி, இடுப்பிலும் தொடையிலும் பட்டை கட்டி, குடையில் கொக்கி போடுகிறார்கள். கயிற்றின் மறுமுனை படகில். படகு சீறிக் கிளம்புகிறது. இரண்டு எட்டு ஓடுவதற்குள் கால் தரையில் இல்லை. ஒரு சுற்று முடிந்து படகு வேகம் குறைந்ததும் குடை இறங்குகிறது. மேடையிலிருக்கும் பையன்கள் காலைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அதற்குள் அடுத்த ஆள் தயார்.

இந்த விளையாட்டு கடலில் பிறந்ததில்லை. 1961இல் பியர் லெமுவான் என்ற பிரெஞ்சுக்காரர் பாராசூட்டின் துணியில் சில இடங்களைத் திறந்துவிட்டார். உள்ளே புகுந்த காற்று அந்தத் திறப்புகள் வழியாகப் பின்பக்கம் வெளியேறியது. விழும் வேகத்தைக் குறைக்க மட்டுமே தெரிந்திருந்த பாராசூட், இழுத்தால் மேலே ஏறவும் ஆரம்பித்தது. அதே வருஷம் மிஷேல் டூர்னியே என்ற பிரெஞ்சு ராணுவ கர்னல் அதை மாட்டிக்கொண்டு ஒரு டிராக்டருக்குப் பின்னால் பறந்தார். டிராக்டர்! இரண்டு வருஷம் கழித்து ஒரு அமெரிக்க பாராசூட் கம்பெனி உரிமம் வாங்கி அதை 'பாராசெய்ல்' என்று விற்றது. படகும் கடற்கரையும் பிறகுதான் வந்தன.

பட்டாயாவுக்கும் அப்படி ஒரு ராணுவக் கதை உண்டு. மீன்பிடிக் கிராமமாக இருந்த ஊர், வியட்நாம் போர்க் காலத்தில் ஓய்வெடுக்க வந்த அமெரிக்கச் சிப்பாய்களால்தான் இன்றைய ஊராக மாறியது. ராணுவத்துக்குச் சட்டை தைத்த ஒருவர், ராணுவத்தால் வளர்ந்த ஊரில், ராணுவத்திலிருந்து வந்த ஒரு விளையாட்டுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இதெல்லாம் ஊர் திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அங்கே நிற்கும்போது வெயில் மட்டும்தான் தெரிந்தது.

*

அம்மா வரவே மாட்டேன் என்றுவிட்டாள். 2021 நவம்பரில் டையூ கடற்கரையில் கயிறு அறுந்து ஒரு தம்பதி கடலில் விழுந்த வீடியோ அவளுடைய வாட்ஸப்பில் இன்னும் இருக்கிறது. "பாரு, பாரு" என்று என்னிடம் காட்டினாள். அப்பா அதை வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகல இல்ல?"

"ஆகல. லைஃப் ஜாக்கெட் இருந்துச்சு."

"குடையும் இருந்துச்சு. கயிறு அறுந்தும் குடை மேலயே நிக்குது பாரு. அதான் மெதுவா இறங்கியிருக்காங்க." பிறகு வரிசையில் முன்னால் நின்றவரின் இடுப்பைக் காட்டினார். "கயிறு அறுந்தா குடை இருக்கு. அந்தப் பட்டை அறுந்தா என்ன இருக்கு?"

எங்கள் முறை வந்தது. மேடையில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். வெயிலில் கறுத்த முகத்தைத் துணியால் சுற்றியிருந்தான். எனக்குப் பட்டையை மாட்ட வந்தபோது அப்பா குறுக்கே கையை நீட்டி அதை வாங்கினார். தோளிலிருந்து வரும் பட்டை தொடைப் பட்டையோடு சேருமிடத்தைப் புரட்டி, கட்டைவிரல் நகத்தால் தையலின் மேல் ஒரு கோடு இழுத்தார். நூல் பஞ்சு பஞ்சாக எழுந்தது.

"இது வேணாம். வேற குடு."

பின்னால் சத்தம் எழுந்தது. "அங்கிள், டைம் ஆகுது" என்றார் எங்கள் வழிகாட்டி. யாரோ இந்தியில் என்னவோ சொன்னார்கள், சிலர் சிரித்தார்கள். பையன் அதே பட்டையை வாங்கி மாட்டப் பார்த்தான். அப்பா விடவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஐ ஆம் டெய்லர். தர்ட்டி ஃபோர் இயர்ஸ். ஆர்மி."

முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பையனுக்கு என்ன புரிந்ததோ. பட்டையை வாங்கி அந்த இடத்தை உற்றுப் பார்த்தான், அப்பா செய்தது போலவே நகத்தால் கீறினான். ஒன்றும் சொல்லாமல் அதை ஒரு பெட்டியின் பின்னால் எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்து வந்தான். எனக்கு மாட்டவில்லை. முதலில் அப்பாவிடம் நீட்டினான். அவர் நான்கு மூட்டுகளையும் பார்த்துவிட்டுத் தலையாட்டிய பிறகே என் பக்கம் திரும்பினான்.

*

மேலே போனதும் முதலில் தெரிவது அமைதி. படகின் இரைச்சல், விசில், கூச்சல் எல்லாம் ஏதோ கதவைச் சாத்தியது போல நின்றுவிடுகிறது. காற்று மட்டும். கீழே கடல் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஓட்ட வேண்டாம், திருப்ப வேண்டாம், பிடித்திருக்கும் கையை விட்டாலும் ஒன்றும் ஆகாது. நாற்காலியில் உட்காருவது போலத் தொடைப் பட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

சின்ன வயதில் ரயில்வே கார் ஷெட் பக்கம் பையன்கள் காத்தாடி விடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். நூல் அறுந்தால் காத்தாடி விடுதலையாகிப் பறந்து போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அறுந்த காத்தாடி பறப்பதில்லை, தள்ளாடி விழுந்துவிடும். நூலின் இழுப்பு இருக்கும்வரைதான் காற்றை எதிர்த்து நிற்கும். பாராசெய்லும் அதேதான். பறப்பதற்கு என் உடம்பிலிருந்து எதுவும் தேவைப்படவில்லை. படகு ஓட்டுபவரின் கண், கயிற்றின் உறுதி, யாரோ எங்கோ தைத்த நான்கு மூட்டுகள். இவ்வளவும் சரியாக இருந்ததால் நான் மேலே இருந்தேன்.

அடுத்து அப்பா போனார். வேட்டி கட்டும் மனிதர், எனக்குத் தெரிந்து முதல் முறையாக அரைக்கால் சட்டை போட்டிருந்தார். ஓடக்கூட இல்லை, நின்ற இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு "ஐயோ, என்னங்க" என்றாள், அவருக்குக் கேட்கும் என்பது போல. அவர் கையை விரிக்கவில்லை, கத்தவில்லை. தலையை நிமிர்த்திக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

"மேல என்னப்பா பாத்தீங்க?" என்று அன்று இரவு கேட்டேன்.

"தையல்தான். அத்தனை பட்டியும் பூட்டித் தச்சிருக்கான்."

பிறகு சொல்லித்தந்தார். அரிசி மூட்டையின் வாயைத் தைப்பது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வந்துவிடும். மூட்டைக்கு அது வசதி. ஆள் தொங்கும் பட்டைக்கு அது ஆகாது. அங்கே மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும், ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். அதையும் சதுரமாக ஓட்டி நடுவில் குறுக்கும் நெடுக்கும் பெருக்கல் குறி போட வேண்டும். எந்தப் பக்கம் இழுத்தாலும் சுமை ஒரு வரிசையில் மட்டும் விழாது. பட்டைக்கு முன்னால் நூல்தான் சாகும். வெயில் நைலானைத் தின்றுவிடும், உப்பு உள்ளே புகுந்து அராவும். "பாத்தா தெரியாது. தொட்டாதான் தெரியும்."

"பாராசூட் தச்சிருக்கீங்களாப்பா?"

"இல்ல. அதுக்குன்னே கான்பூர்ல தனி ஃபேக்டரி இருக்கு. நான் சட்டைதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எத்தனை ஆயிரம் தச்சிருப்பேன். போட்டவன் ஒருத்தன் மூஞ்சியும் பாத்ததில்ல. இந்தப் பட்டையைத் தச்சவனும் நம்ம மூஞ்சியப் பாக்கப் போறதில்ல."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரைப் பற்றிப் பேசும் குரல் அது. பார்க்காமலே ஒருவரையொருவர் நம்பும் அந்த ஏற்பாட்டில் அவர் முப்பத்து நான்கு வருஷம் ஒரு முனையில் இருந்திருக்கிறார். அன்றைக்கு மறுமுனையில் தொங்கிப் பார்த்தார்.

திரும்பும்போது விமானத்தில் அம்மாவுக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டார். மாட்டுவதற்கு முன் அதைப் புரட்டி, மூட்டில் கட்டைவிரலை வைத்து ஒரு தரம் அழுத்தினார். பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"டெய்லருங்க" என்றார் அப்பா.