கயிறு பிடிக்கிறவன்

மதுரைக்காரர்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. எங்கள் பாண்டியன் கொடியில் மீன் பறந்தது. எங்கள் அம்மனின் பெயரிலேயே மீன் இருக்கிறது. கொற்கை முத்தால் பேர் பெற்ற ராஜ்யத்துக்குத் தலைநகரம் இது. ஆனால் மாசி வீதியில் போகிற பத்துப் பேரை நிறுத்தி, “கடலில் எத்தனை தடவை தலையை முக்கியிருக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “ராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தத்தில் ஒரு தடவை, மூக்கைப் பிடித்துக்கொண்டு” என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வைகையே கடலை நாடிப் போகிற ஆறு அல்ல. வழியிலுள்ள கண்மாய்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சத்தை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விட்டுவிட்டு, கடலுக்குச் சில மைல் இருக்கும்போதே நின்றுவிடுகிறது. பெருவெள்ளம் வந்தால்தான் அதற்கும் கடல் தரிசனம்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, ஐம்பதைக் கடந்த வயதில், முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு, கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க நானும் என் மனைவியும் புறப்பட்டோம். யோசனை என்னுடையது அல்ல.

என் தங்கை மகனும் அவன் மனைவியும் அதற்கு முந்தைய வருஷம் இதே மாதிரி இரண்டு பைகளோடு கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். வெனிசுலாவுக்கு வடக்கே பொனேர் என்று ஒரு சின்னத் தீவு. டச்சுக்காரர்களைச் சேர்ந்தது. 1979-இலேயே தீவைச் சுற்றியுள்ள கடலைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கிவிட்டார்கள். கரையோரச் சாலையில் மஞ்சள் வர்ணம் பூசிய கற்களில் இடத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்களாம். அந்தக் கல்லைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, காற்றுக் குப்பியை முதுகில் கட்டிக்கொண்டு, கரையிலிருந்தே நடந்து கடலுக்குள் இறங்கிவிடலாம். அவர்கள் காட்டிய படங்களை என் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“ஏங்க, இந்தப் பவளப் பாறை நம்ம பக்கம் கிடையாதா?”

“இல்லாமல் என்ன? ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை இருக்கிறது. 21 தீவுகள். 1986-இலேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள்.”

“பக்கத்துல வச்சுக்கிட்டு ஊரான் வீட்டுப் படத்தைப் பாத்துக்கிட்டு இருக்கமே!”

அந்த 21-இல் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன என்பதை நான் அப்போது சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற வேலி போன பிறகு, தீவின் மணல் மெல்ல மெல்லக் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று அவற்றுக்கு அழகான பெயர்கள். பெயர்கள் மட்டும் மிச்சம்.

தீவுகளைச் சுற்றியுள்ள பூங்காவுக்குள் நினைத்தபடி இறங்கிவிட முடியாது. ராமேசுவரத்துக்கு வடக்கே, பாக் நீரிணைப் பக்கம், ஆழம் குறைந்த இடத்தில் இறக்கிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அதற்கு முன் வைத்தியரின் சான்று வேண்டும். வைத்தியர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சிறு வயதில் சீழ் பிடித்து ஆறிய வடு இடது காதில் இருக்கிறது. “நீங்கள் படகிலேயே இருங்கள். அம்மா தாராளமாகப் போகலாம்” என்று சொல்லிவிட்டார்.

பையைத் தூக்க இரண்டு பேர், கடலில் இறங்க ஒருவர் என்று ஆயிற்று. “நீங்க வராம நான் மட்டும் போகவா?” என்று அவள் கேட்டாள். குரலில் சந்தேகம் இருந்தது, கண்ணில் இல்லை. “போ” என்றேன்.

பங்குனி மாதத்தில் கிளம்பினோம். 1914-இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் ஊர்ந்து போயிற்று. கப்பலுக்கு வழிவிட இதன் நடுப் பகுதி அப்படியே மேலே எழும்புமாம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் இங்கே சொல்கிறார்கள். அலையடித்துச் சத்தம் போடுவது ஆண் கடல். வாயைத் திறக்காமல் இருப்பது பெண் கடல். “பேரு வச்சவனுக்குக் கல்யாணம் ஆகலையோ என்னவோ” என்றாள் என் மனைவி.

சொல்லிக்கொடுத்த இளைஞன் பொறுமைசாலி. கறுப்பு ரப்பர் உடுப்பு கழுத்துவரை மூடுகிறது. தாலியைக் கழற்ற வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, “உள்ளேயே இருக்கட்டும்மா, வெளியே தொங்கி எதிலும் மாட்டாமல் இருந்தால் போதும்” என்றான். பிறகு சைகைகள். கட்டைவிரலை உயர்த்தினால் ‘பலே’ என்று அர்த்தம் அல்ல; ‘மேலே போக வேண்டும்’ என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம்: தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. குப்பிக் காற்று கடலின் அழுத்தத்துக்குத் தக்கபடி இறுகி வருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்தக் காற்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

படகோட்டி இதைக் கேட்டுச் சிரித்தார். அறுபதைத் தாண்டியவர், வாலிபத்தில் சங்கு குளித்தவர். “எங்களுக்கு மூச்சை அடக்கினாத்தான் சார் சோறு” என்றார். நியாயந்தான். 1943-இல் கூஸ்தோ, காக்னான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கருவியைச் செய்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எங்கள் பாண்டி நாட்டுக் கடலில் மனிதர்கள் ஒரே மூச்சில் இறங்கி முத்தெடுத்து வந்தார்கள்.

அவளும் அந்த இளைஞனும் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். கறுப்புத் தலைகள் இரண்டும் மறைந்தன. நீர்ப்பரப்பில் குமிழிகள் இரண்டு கொத்தாக வந்தன. எனக்கு வேறு வேலை இல்லை, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகோட்டி தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். தூத்துக்குடியில் முத்துக் குளித்தவராம். காலில் கல், இடுப்பில் கயிறு. “கயிறு யார் கையில இருக்கும் தெரியுமா சார்? மச்சினன் கையில. பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். அண்ணன் தம்பிகூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுடுவான். மச்சினன் விடமாட்டான். அவன் அக்கா தங்கச்சி தாலியில்ல அது?”

தூத்துக்குடிப் பக்கம் பலரும் சொல்கிற செய்திதான். ஆனால் மனைவி கடலுக்கு அடியிலும் நான் மேலேயும் இருக்கும்போது கேட்டது, வேறு மாதிரி இருந்தது. கீழே போனவள் பெண். மேலே இருப்பவன் புருஷன். கையில் கயிறும் இல்லை. அவளுக்கு ஏதாவது ஆனால் இழுத்துத் தூக்க என்னிடம் என்ன இருக்கிறது? முப்பது வருஷங்களாக வீட்டில் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். நான் எழுத உட்கார்ந்து எங்கோ இறங்கிப் போய்விட்ட நாட்களில், சாப்பாட்டு வேளைக்கு மேலே இழுத்தவள். பிடித்துக்கொண்டிருப்பவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிய வந்தது அந்தப் படகில்தான்.

திடீரென்று இரண்டு கொத்துக் குமிழி ஒன்றாகிவிட்டது. நான் எழுந்தேன், படகு ஆடிற்று. “உக்காருங்க சார். ரெண்டு பேரும் ஒட்டி வந்துட்டாங்க, அவ்வளவுதான்” என்றார் படகோட்டி. சற்றுக் கழித்து மறுபடி இரண்டாகப் பிரிந்த பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றிற்று.

அரை மணியில் மேலே வந்தாள். முகத்தில் கண்ணாடி அழுத்திய தடம். கிளிமீன் பார்த்தேன், கடல் அட்டை பார்த்தேன் என்று குழந்தைபோல் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “பாறையில பாதி வெள்ளையாக் கெடக்குங்க. செத்துப்போச்சாம்.” பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் கொடுப்பது அதன் உடம்பில் குடியிருக்கும் நுண்ணிய பாசி. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியில் மடிகிறது. 2016-ஆம் வருஷக் கோடையில் இந்தக் கடலில் நிறையப் பவளம் அப்படிப் போயிற்று.

மறுநாள் பாம்பனுக்குத் தெற்கே, கரையில் சில பெண்கள் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். சேலைக்கு மேல் ஆண் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி: அவ்வளவுதான் அவர்களுடைய சாதனங்கள். குப்பி கிடையாது. மூச்சை அடக்கி இறங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கி வருகிறார்கள். இவள் எவ்வளவு கொடுத்துக் கடலுக்குள் போனாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நாங்க ஓசியில போறோம் அக்கா!” அப்புறம் சிரிப்பு அடங்கிற்று. தீவுப் பக்கம் போனால் பூங்காச் சட்டம் தடுக்கிறது. தாயும் பாட்டியும் போன இடம். பாறையைக் காக்கத்தான் சட்டம். ஆனால் அடுப்பு எரிய வேண்டுமே. இரண்டு பக்கத்து நியாயமும் அந்தக் கரையில் அருகருகே காய்ந்துகொண்டிருந்தன.

“உங்களுக்கு மேலே யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?” என்று நான் கேட்டேன்.

“யாரு இருக்கா அண்ணே? அஞ்சு பேர் போனா, மேல வர்றப்பல்லாம் அஞ்சு தலை இருக்கான்னு எண்ணிக்குவோம்.”

அவர்கள் பறிப்பதில் ஒரு வகைக்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர். அதைக் காய்ச்சித்தான் அகர் எடுக்கிறார்கள். ஜெல்லியிலும் இனிப்பிலும் சேருவது அதுதான். மதுரை ஜிகர்தண்டாவில் கடற்பாசி போடுகிற கடைகளில், டம்ளரின் அடியில் வழுவழுவென்று கிடப்பதும் இந்த இனம்தான்.

ஊர் திரும்பிய வாரம், வெயில் தாங்காமல் விளக்குத்தூண் அருகே ஒரு கடையில் நின்றோம். கடைக்காரர் “பாசி தூக்கலாப் போடவா?” என்றார். “போடுங்க” என்றாள் என் மனைவி. டம்ளரை வாங்கியவள் கலக்கிக் குடிக்காமல், அடியிலிருந்து ஒரு கரண்டி பாசியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“மரிக்கொழுந்து வாசம் வருதா?” என்று கேட்டேன்.

“வரல. கடல் வாசமும் வரல. எல்லாத்தையும் காய்ச்சி எடுத்துடுறாங்க” என்று சொல்லிவிட்டு, அதை மெதுவாகச் சாப்பிட்டாள்.