உபதேசியார் இருக்கிறாரா?

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அடுப்பில் உலைப்பானை, அடியில் தணல் அவியாமல் கிடந்தது. முற்றத்தில் பாதி புடைத்த அரிசியோடு முறம். திண்ணையில் பாட்டியின் வேதப்புத்தகம் திறந்தபடி இருக்க, அதன் மேல் அவளுடைய மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் பாட்டி கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டாள். அம்மாவைக் கூப்பிட்டேன். தம்பியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தோன்றியது ஒன்றுதான். இயேசுவின் இரண்டாம் வருகை நடந்துவிட்டது. எல்லாரையும் எடுத்துக்கொண்டார்கள், என்னை மட்டும் விட்டுவிட்டார்கள்.

முந்தின வாரம்தான் கன்வென்ஷன் கூட்டம் முடிந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் நீளத் துணியில் வரைந்த ஒரு படத்தை இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டிருந்தார். இடப்பக்கம் ஏதேன் தோட்டம், நடுவில் சிலுவை, அதை அடுத்து மேகத்துக்குள் ஏறிப்போகும் வெள்ளை உருவங்கள். வலப்பக்கம் ஏழு வருட உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து, நெற்றியில் 666 முத்திரை குத்திய மனிதர்கள். கடைசி மூலையில் சிவப்புச் சாயத்தை அள்ளிப் பூசிய அக்கினிக்கடல். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், காற்றுக்குத் துணி ஆடும்போதெல்லாம் அந்தச் சிவப்பு அலையடித்தது. அவர் ஒரு கழியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய்ப் பக்கம் திரும்பினார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போவீர்கள், அம்மா இருக்கமாட்டாள் என்றார்.

ஓடினேன். எங்கள் சந்தின் கோடியில் உபதேசியார் வீடு. சபையில் யார் எடுத்துக்கொள்ளப்பட்டாலும் அவர் முதல் ஆளாகப் போய்விடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. உபதேசியார் இருந்தால் வருகை இன்னும் இல்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

இருந்தார். பின்வாசல் படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் விழுந்து அழுதேன். விஷயம் தெரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார், மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் தலையில் வைத்தார். "பிள்ளைய விட்டுட்டு தாயக் கூட்டிட்டுப் போறவரு இல்ல மக்கா, நம்ம ஆண்டவரு" என்றார். அந்தக் கையில் இருந்த கிழங்கு வாசனை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வீட்டு மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். சத்தம் கேட்டு எல்லாரும் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள். அம்மா மாமியை டாக்ஸியில் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, பாட்டி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியின் வயதான மாமியாருக்குத் துணையாக அங்கேயே இருந்துவிட்டாள்.

உபதேசியார் வீட்டுக்கு ஓடியபோது மாமி வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஓடினேன். எட்டிப் பார்த்திருந்தால் பாட்டியைக் கண்டிருப்பேன். பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. வெயிலில் வரும்போதெல்லாம் என்னை நிறுத்தி ஒரு டம்ளர் மோர் தரும் மாமி எங்கள் சபைக்காரி அல்ல, அந்தத் துணிப் படத்தில் வலப்பக்கத்துக்காரி. அவள் எப்படியும் இங்கேதான் இருப்பாள் என்று என் மனம் எனக்குத் தெரியாமலே தீர்ப்பு எழுதியிருந்தது. அந்த மாலையில் நான் பட்ட பயத்தைவிட இது பெரிய விஷயம் என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

திருவனந்தபுரத்தில் நாங்கள் வாழ்ந்த கரமனை அப்படிப் பிரித்துப் பார்க்கும் ஊரும் அல்ல. அகத்தியர் மலைப் பக்கம் பிறந்து வரும் ஆறு, கரையில் அக்கிரகாரம், பாலத்தைத் தாண்டித் தெற்கே நாகர்கோவில் சாலை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, திருவனந்தபுரத்தில் சர்க்கார் வேலையில் இருந்த எங்கள் குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. நெய்யூர்ப் பக்கத்துச் சபைத் தமிழும் அக்கிரகாரத் தமிழும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த தெரு எங்களுடையது.

வருகைக்கு நாள் குறிப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் பிரதரன் கூட்டத்து முன்னோடிகளில் ஒருவரான அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியா வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1860-ல் அருளப்பனின் ஊழியத்தில் எழுந்த எழுப்புதலில் ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், பாவத்தை வாய்விட்டுச் சொல்லி அழுதார்கள். 1870-களில் அந்த அலை மலை தாண்டித் திருவிதாங்கூருக்கு வந்தது. கருநாகப்பள்ளிக்குப் பக்கத்தில் கன்னேற்றியில் அதை ஏந்திக்கொண்டவர் யுஸ்துஸ் யோசேப்பு. வித்துவான் குட்டி என்றால்தான் மலையாளிகளுக்குத் தெரியும். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835-ல் பிறந்து, 1861-ல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். போதகரானவர். அவர் கட்டிய மலையாளக் கீர்த்தனைகளை இன்றும் கேரளத்துச் சபைகள் பாடுகின்றன. அப்படிப்பட்டவர்தான் 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். வருடம் வந்தது. எதிர்பார்த்தது நடக்கவில்லை. 1887-ல் அவர் இறந்துபோனார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆசை மிகுந்த காதலன் நாட்காட்டியைக் கிழிப்பதுபோல அவர் காலத்தைக் கிழித்துப் பார்த்தார். ஆனால் அவரை நம்பி அந்த வருடத்தை எண்ணிக்கொண்டிருந்த ஏழை ஜனங்களுக்கு மறுநாள் காலை எப்படி விடிந்திருக்கும்?

இன்னொரு சாட்சி எங்கள் சாலையிலேயே இருக்கிறது. கரமனைப் பாலம் தாண்டித் தெற்கே போனால் பாலராமபுரம். அதற்குப் பக்கத்தில் ரசல்புரம் என்று ஓர் ஊர். சிறுவயதில் ரசல் என்பவர் யாரோ வெள்ளைக்கார அதிகாரி என்றே நினைத்திருந்தேன். அவர் சார்லஸ் டேஸ் ரசல், பின்னாளில் யெகோவாவின் சாட்சிகள் என்று பெயர் பெற்ற கூட்டத்துக்கு வித்திட்ட அமெரிக்கர். புறஜாதியாரின் காலம் 1914-ல் முடிகிறது என்று கணக்குப் போட்டவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1912-ல், அவர் திருவிதாங்கூருக்கு வந்து, இன்று அய்யன்காளி மண்டபம் என்று பெயர் மாறியிருக்கும் திருவனந்தபுரம் விக்டோரியா டவுன் ஹாலில் பேசினார். 1914-ல் உலகப் போர் மூண்டது, உலகம் முடியவில்லை. ரசல் 1916-ல் காலமானார். ஊர்ப் பெயர் மட்டும் நின்றது. இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் 1985-ல் கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வரப்போகும் ராஜ்யத்தை நம்புகிறவர்களுக்கு அப்படி ஒரு முதுகெலும்பும் வாய்க்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

நாள் குறிப்பது ஒருபுறம் என்றால் முத்திரை தேடுவது இன்னொரு புறம். கடைச் சாமான்களில் கோடுகோடாகப் பார்கோடு அச்சடித்து வந்தபோது அதுதான் 666 என்றார்கள். பிறகு ஆதார் அட்டை. மிசோரமில் அதற்காகவே பதிய மறுத்த கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் தடுப்பூசி. அந்தப் பேச்சைக் கேட்டு ஊசி போடாமல் இருந்த ஒரு முதியவருக்காக நான் வெகுநேரம் மன்றாடியிருக்கிறேன்.

என் பாட்டியும் வருகையை நம்பினவள்தான். எங்கள் எல்லாரையும்விட உறுதியாக. ஆனால் அவளிடம் அது வேறு மாதிரி இருந்தது. குடும்ப ஜெபம் முடிந்ததும் சுருக்குப்பையை அவிழ்த்து வைத்துக்கொள்வாள். பால்காரிக்கு ஏதாவது பாக்கி உண்டா, மாமியிடம் வாங்கின உழக்குச் சீனியைத் திருப்பிக் கொடுத்தாயா என்று அம்மாவிடம் கேட்பாள். பகலில் யாரையாவது வைதிருந்தால், எந்த வயதுக்காரர் ஆனாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு "மனசுல வச்சுக்காத மக்களே" என்பாள். ராத்திரி ஆண்டவர் வந்தால் யாருக்கும் கடன்பட்டவளாக எழுந்து போகக்கூடாது, அதுதான் அவளுடைய ஆயத்தம். மறுநாள் காலையில் புதிதாக ஒரு முருங்கைக் கொம்பை நட்டுக்கொண்டிருப்பாள். கடைசிக் காலம் என்று சொல்லிக்கொண்டே காய்க்கப் பல மாதம் ஆகிற கொம்பை நடுகிறவளிடம் எனக்கு எந்த முரணும் தெரிந்ததில்லை. அவள் நட்ட மரத்தில் மாமி வீட்டுக்கும் கீரை போகும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி வந்தபின் எங்கள் சபை வாலிபர்களோடு அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு குளச்சலுக்குப் போனேன். செத்தவர்களை மொத்தமாக அடக்கம் செய்திருந்தார்கள். முகாமில் துண்டுப் பிரசுரத்தோடு வந்திருந்த ஒருவர், இது கடைசிக் கால அடையாளம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தூணில் சாய்ந்திருந்த ஒரு மீனவத் தாய் அவர் முடிக்கும்வரை பேசாமல் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "எம் பிள்ளைய நான் திரும்பப் பாப்பேனா?" அவர் கையில் இருந்த பிரசுரத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஊருக்குத் திரும்பிப் பாட்டியின் பழைய வேதப்புத்தகத்தை எடுத்து, துணிப் படத்தில் மேகத்துக்குள் ஏறும் வெள்ளை உருவங்களுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் பகுதியை வாசித்தேன். முதலாம் தெசலோனிக்கேயர், நாலாம் அதிகாரம். அதைப் பிரசங்கங்களில் எத்தனையோ தடவை கேட்டவன் நான். அன்றுதான் அது ஏன் எழுதப்பட்டது என்று கவனித்தேன். ஏறக்குறைய கி.பி. 50-ல் தெசலோனிக்கே பட்டணத்தில் ஒரு சின்னச் சபை. சிலர் இறந்துபோனார்கள். வருகைக்கு முன்பே போய்விட்டார்களே, இனி அவர்களைப் பார்ப்போமா என்று இருந்தவர்கள் கலங்கினார்கள். குளச்சல் தாயின் கேள்வியேதான். பார்ப்பீர்கள், எல்லாரும் சேர்ந்தே இருப்போம் என்று பவுல் எழுதினார். ஒருவரையொருவர் இதைக்கொண்டு தேற்றிக்கொள்ளச் சொல்லித்தான் அதிகாரத்தை முடித்தார். துக்க வீட்டுக்கு எழுதின கடிதம் அது. விசுவாசிகளை மட்டும் முதலில் மறைவாக எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை என்ற தனி ஏற்பாட்டை 1830-களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகமெங்கும் கொண்டுபோயின. அந்த வழியாகத்தான் அந்தத் துக்க வீட்டுக் கடிதம் எங்கள் கன்வென்ஷன் பந்தலில் ஒன்பது வயதுப் பிள்ளைகளை மிரட்டும் கழியாக வந்து சேர்ந்தது.

நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த அதிகாரத்தில் கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறார். மத்தேயு 25. அங்கே கேட்கப்படுவது எந்தச் சபை, எந்தக் கணக்கு என்பதல்ல. பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, தாகத்துக்குக் குடிக்கக் கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா. வலப்பக்கம் நிறுத்தப்படுகிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். தாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. வேதத்தில் வலப்பக்கம் என்பது அவர்களுடைய இடம். இதை வாசித்த இரவு எனக்கு மாமியின் மோர் டம்ளர் நினைவுக்கு வந்தது. மாமி அதற்குள் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவளிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. பாட்டியின் முறைப்படி இது எனக்கு இன்னும் தீராத கடன்.

வருகையை நான் நம்புகிறேன். இந்த உலகத்தில் இத்தனை அநியாயமும் இத்தனை கண்ணீரும் கேட்பாரில்லாமல் போய்விடாது என்று நம்புகிறவன் வேறு எப்படி இருக்க முடியும்? அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்கும் அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். வருகையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். சொல்லத் தொடங்கும் முன் தெசலோனிக்கேயர் நாலாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்கள் வகுப்பில் இருந்து எந்தப் பிள்ளையையும் பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்க்காமல் ஓடும்படி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.