முற்றமுள்ள வீடு

எழுபதைக் கடந்த என் தமக்கையார், சிராங்கூன் சாலையை அடுத்த சந்து ஒன்றில், எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற கடைவீட்டின் மாடியில் வாழ்ந்து வருகிறார். சென்ற ஆண்டு வெப்பம் தாளாமல் அவர் இருமுறை மயங்கி விழவே, குடும்பத்தார் கூடினோம். "இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டினால் என்ன, மாமா?" என்றான் அவர் மகன்.

இடிக்க இயலாது. லிட்டில் இந்தியா வட்டாரம் 1989 ஜூலை 7ஆம் நாள் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பழைய வடிவைக் காத்தே எதனையும் புதுப்பித்தல் வேண்டும். அவ்வாறாயின் முற்றத்தைக் கண்ணாடியால் அடைத்து, அறைதோறும் குளிர்பதனப் பெட்டி வைக்கலாம் என்றான் அவன். கட்டடக் கலை பயின்ற என் மகளோ வேறு கணக்கைச் சொன்னாள்.

நம் தீவு நிலநடுக்கோட்டிற்குச் சற்றே வடக்கில் உள்ளது. கதிரவன் உச்சியிலேயே நிற்பதால் வெப்பம் பெரிதும் கூரை வழியாகவே இறங்குகிறது. கடைவீட்டின் இருபுறச் சுவர்களையும் அண்டை வீடுகள் மறைத்துக் காக்கின்றன. ஆகவே, ஓட்டுக்குக் கீழே வெப்பத்தடுப்புப் படலம் அமைப்பதே முதல் வேலை. அடுத்தது காற்று. முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, நிழல் படர்ந்த ஐந்தடியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அந்த ஐந்தடிக்கு வித்து, வீட்டுவரிசைதோறும் கூரையிட்ட தொடர் நடைபாதை வேண்டும் என்று 1822இல் இராஃபிள்ஸ் இட்ட கட்டளையாகும். நம்மவர் அதனைத் திண்ணையாக்கிக்கொண்டனர் என்பது வேறு கதை. மாளிகை எழுப்புவோர் கதிரவன் நிழல் கொண்டு திசை குறித்ததை நெடுநல்வாடையில் நாம் கற்பிக்கின்றோம். நம் வீட்டு நிழல் எப்பக்கம் விழுகிறது என்று எத்தனை பேர் நோக்கியிருப்போம்?

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பிராடல் சாலையில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் கல்விக்கழகம், தன் பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தி, ஆண்டு முழுதும் தான் செலவிடும் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் கட்டடமாக 2009இல் திறந்தது. அங்கே கதிரவன் வெப்பத்தாலேயே சூடான காற்றை மேலிழுத்து வெளியேற்றும் குழாய்கள் உள்ளன. எங்கள் முற்றம் செய்வதும் அதே தொழில்தான்.

எல்லாம் இனிதாய் முடியவில்லை. அண்டை வீட்டாரின் குளிர்பதனப் பெட்டிகள் பின்சந்தில் அனற்காற்றை உமிழ்கின்றன. பின்சன்னலைத் திறந்தால் அதுவே உள்ளே வரும். ஞாயிறு மாலையில் தேக்காவின் ஆரவாரம் முன்சன்னலைத் திறக்க விடாது. எனவே அக்காவின் படுக்கையறைக்கு மட்டும் சிறிய குளிர்பதனப் பெட்டி ஒன்று வைப்பதென இசைந்தோம். மயங்கி விழுந்தவரிடம் கொள்கை பேசுதல் தகாது. மற்ற இடங்களுக்கு மின்விசிறி. ஆயிரம் வாட்டை விழுங்கும் பெட்டி எங்கே, எழுபது வாட்டில் சுழலும் விசிறி எங்கே! சூரியத் தகடுகளைத் தெருவிலிருந்து தெரியாவண்ணம் பின்கட்டின்மேல் வைக்க வரைந்திருக்கிறோம். சிமெண்டுப் பூச்சினுள் ஈரம் தேங்கி உதிரும் சுவருக்கு, மூச்சுவிடும் சுண்ணாம்புப் பூச்சு.

முற்றத்தின்மேல், பக்கங்களில் காற்று புகும்படி உயர்த்திய கண்ணாடிக் கூரை ஒன்றை என் மகள் வரைந்திருந்தாள். அக்கா வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மழை எங்கே விழும், தம்பி?" என்றார்.

கொசு பெருகும் என்றேன். "தண்ணீர் நிற்காமல் தளத்தைச் சரிவாகப் போடச் சொல்" என்றார். கண்ணாடிக் கூரையை என் மகள் அடித்துவிட்டாள். சரிவின் அளவைக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.