பாளை சீவும் சத்தம்

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய தாள் ஒன்று கிடக்கிறது. பனைத் தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்காக நான் எழுதிய முதல் செய்திக்குறிப்பு. தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தோர், வரவேற்றவர், வாழ்த்தியவர், நன்றி கூறியவர் என்று அதில் 11 பெயர்கள். செய்தித்தாளில் நாலு வரி வந்தது. வானொலியிலிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ ஒரு அழைப்பும் வரவில்லை. யார் பெயரும் விடுபடவில்லை என்று நிறைவாக இருந்தேன். அந்த 11 பேரில் பனையேறி ஒருவர்கூட இல்லை என்பது உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

செய்தித்தாள்காரர் குறிப்பைச் சுருக்கிப் பக்கத்தில் போட்டுவிடலாம். வானொலியில் நிகழ்ச்சி தயாரிப்பவருக்கு அது போதாது. பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எப்படிப் பேசுவார் என்பது குறிப்பைப் படிக்கும்போதே அவர் காதில் விழ வேண்டும்.

எங்கள் பக்கம் வானொலி கேட்டு வளர்ந்த மண். அப்போதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. வயலில் நிற்பவர்களுக்கும் அடுப்படியில் இருப்பவர்களுக்கும் அந்தக் குரல்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி. அந்தக் காதுகளுக்குத்தான் எழுதுகிறோம் என்று தெரிந்த பிறகு, முதல் வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் நான் எந்தக் குறிப்பையும் அனுப்பியதில்லை. மூச்சு முட்டினால் வரி நீளம்; இரண்டாய் வெட்ட வேண்டும்.

ஒரு தை மாதம், பதனி இறங்கும் காலத்தில், இப்படித் தொடங்கினேன்: "அறுபது வயதுக்காரர் இன்றைக்கும் காலையும் மாலையும் முப்பது பனை ஏறுகிறார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதனி காய வேண்டும்." எண்களை இவ்வளவோடு நிறுத்தினேன். அதற்கு மேல் காதில் தங்காது. கீழே அவர் எதைப் பற்றியெல்லாம் பேசுவார் என்று மூன்று வரி. ஊர்ப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று ஒரு வரி. மறுநாளே அழைப்பு வந்தது.

ஆனால் அந்தப் பனையேறி அண்ணாச்சி ஒலிப்பதிவு அறையில் வாயே திறக்கவில்லை. கேள்விக்கு "ஆமா", "இல்ல" என்று மட்டும் சொன்னார். தவறு என்னுடையது. அவர் பேசுவது மரத்தடியில். நான் அவரைக் கண்ணாடி அறைக்கு அனுப்பியிருந்தேன். இரண்டாம் முறை ஒலிப்பதிவுக் கருவியைத் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொன்னோம். மேலே பாளை சீவும் சத்தம், கலயத்தில் சுண்ணாம்பு தடவும் சத்தம், காய்ச்சும் குடிசையான விடிலியில் பதனி கொதித்துப் பொங்கும் சத்தம். "சுண்ணாம்பு குறஞ்சா கள்ளாயிரும், கூடுனா நாக்கு வெந்துரும் தம்பி" என்று அவராகவே தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு என் குறிப்புகளில் "எங்கே பதிவு செய்யலாம்" என்ற வரி கட்டாயம் இருக்கும்.

தொலைக்காட்சிக்கு இடத்தோடு நேரமும் கறாராக வேண்டும். பனையேறி விடியுமுன் ஏறி இறங்கிவிடுவார். பத்து மணிக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு வெறும் மரம்தான் கிடைக்கும். ஆகவே நேரத்தைப் போடுகிறேன்: 5.30-க்கு மரம், 8 மணிக்கு விடிலி, பாகு சிரட்டையில் ஊற்றும் நேரம் இன்னது என்று. தொகுத்து ஒளிபரப்பும் நிகழ்ச்சிக்கு மார்கழியிலேயே எழுத வேண்டும். அன்றாடச் செய்திக்கு முதல்நாள் மாலை போதும்.

இடத்துக்கே வரவழைக்கும் இந்த யோசனை பழையது. 1906 அக்டோபர் 28-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில் நிறுவனத்தின் செய்தித் தொடர்பைக் கவனித்த ஐவி லீ எழுதிய அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. முதல் செய்திக்குறிப்பு அதுதான் என்று பலரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே கூட்டிப்போக அவர் ஏற்பாடு செய்தார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தடத்திலும் ரயில் நின்றது. திருச்செந்தூரிலிருந்து நாசரேத் கடந்து போன சென்னை வண்டி, 17-ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்ததும் நான் எழுதிய குறிப்பின் தலையில் அந்த 95-ஐத்தான் வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை, அது எல்லோரிடமும் இருந்த எண். பிறகு மாற்றி எழுதினேன்: "விலை ஏறட்டும் என்று மச்சில் சேர்த்து வைத்த கருப்பட்டி, ஒரே ராத்திரியில் பாகாகி வாசல் வழியே போய்விட்டது." அதைச் சொன்ன அம்மாவே பேசவும் சம்மதித்திருந்தார். அன்று மாலைக்குள் இரண்டு அழைப்புகள்.

சம்மதம் கேட்காமல் யாருடைய தொலைபேசி எண்ணையும் நான் தருவதில்லை. இழப்பைப் பேசுகிறவரிடம் இரண்டு தடவை கேட்பேன். முதல் தடவை மரியாதைக்குத் தலையாட்டியிருப்பார்கள்.

இந்த மார்கழியிலும் குறிப்பு தயாராகிறது. அண்ணாச்சியின் மகன் இப்போது ஏறுகிறார். எண் கொடுக்கலாமா என்று கேட்டேன். "குடுங்க அண்ணாச்சி. விடியக்காலம் மரத்துல நிப்பேன், போன் கீழ கெடக்கும். பத்து மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க" என்றார். அதையே கடைசி வரியாக எழுதியிருக்கிறேன்.