உம்மாவும் கரையிறங்கட்டும்

கனடாவில் குடியிருக்கும் மகனோ மகளோ, "உம்மா, இந்த முறை வந்தால் அலாஸ்காவுக்குக் கப்பலில் போவோம்" என்று சொல்லியிருக்கிறார்களா? வான்கூவரில் ஏறினால் பெரும்பாலும் ஏழு இரவுப் பயணம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கிழமைதோறும் பல கப்பல்கள் வடக்கே போகின்றன. சாப்பாடும் படுக்கையும் கப்பல் கட்டணத்தில் அடக்கம். ஆனால் கப்பல் நிற்கும் ஊர்களில் ஏற்பாடு செய்யப்படும் சுற்றுலாக்களுக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். கரைப் பயணங்கள் என்று சொல்லப்படும் இவற்றைத் தெரிவு செய்யும்போதுதான் வீட்டில் பேச்சுத் தொடங்கும்.

அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இளையவர்கள் ஹெலிகொப்டர் வேண்டும் என்பார்கள். மருமகன் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவார். கடைசியில் உம்மாதான், "எனக்கு முழங்கால் நோவு, குளிரும் ஒத்துக்கொள்ளாது. சின்னவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்க போய் வாங்க" என்று சொல்லிவிடுவார். பிள்ளைகளும் நம்பிவிடுவார்கள். இப்படி ஏழு நாளும் கண்ணாடிக்குள்ளால் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஆகவே வீட்டில் வயதில் மூத்தவருக்கும் ஆகச் சிறிய பிள்ளைக்கும் ஏற்ற ஒரு பயணத்தை ஒவ்வொரு ஊரிலும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இளையவர்களின் ஆசைகளை அதன் பின்னர் பார்க்கலாம்.

ஜூனோ என்ற ஊரிலிருந்து ஆரம்பிப்போம். அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம் அதுதான். ஆயினும் வெளியூரிலிருந்து அங்கே வருவதற்கு ஒரு தரைவழிப் பாதையும் கிடையாது. ஒருபுறம் கடல், மறுபுறம் மலையும் பனியும். கப்பலில் வரவேண்டும், அல்லது விமானத்தில் வரவேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீற்றரில் மெண்டன்ஹோல் பனியாறு இருக்கிறது. மலையுச்சியில் ஆண்டாண்டு காலமாக விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தால் தானே பள்ளத்தாக்கை நோக்கி மெல்ல நகர்ந்து வருவதைத்தான் பனியாறு என்கிறோம். நெருங்கிப் பார்த்தால் வெள்ளையாக அல்ல, நீலமாகத் தெரியும். ஆளுக்கு 400 டொலருக்கு மேல் கொடுத்து ஹெலிகொப்டரில் அதன் மேலேயே போய் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பஸ்ஸில் போய் அதன் எதிரேயுள்ள ஏரிக்கரையில் நின்று பார்ப்பதற்குச் சிறு தொகையே போதும். சக்கர நாற்காலி போகக்கூடிய குறுகிய பாதை ஒன்று உண்டு. நடக்கக்கூடியவர்களுக்கு நகெற் நீர்வீழ்ச்சி வரை போய்வர 3 கிலோமீற்றர் அளவான, பெரும்பாலும் சமதரையான பாதை இருக்கிறது. நகரசபை பஸ் இன்னும் மலிவுதான். என்றாலும் அது இரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்திலேயே இறக்கிவிடும்; முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அது உதவாது. பிள்ளைகளுக்கென்று பையில் கட்டிக்கொண்டு போகும் பணிஸையும் வடையையும் நடைபாதைக்குக் கொண்டுபோகாதீர்கள். கரடி நடமாடும் இடம்.

இந்தப் பனியாறு ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்கிக்கொண்டே போகிறது. அதன் பக்கத்துப் பள்ளமொன்றில் தேங்கும் நீர் திடீரென உடைத்துக்கொண்டு வந்ததால் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஓகஸ்ட் மாதத்தில் ஜூனோவில் வெள்ளம் ஏற்பட்டது. ஓகஸ்டில் போகிறவர்கள் பணம் கட்டுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஜூனோவில் பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் நான் திமிங்கிலம் பார்க்கும் படகுக்கே செலவழிப்பேன். கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் மாரி காலத்தை ஹவாய்த் தீவுகளில் கழித்துவிட்டு, கோடையில் இரை தேடி இந்தக் கடலுக்கு வருகின்றன. பஸ் ஒன்றின் நீளம் இருக்கும். முதலில் புஸ்ஸென்று நீராவி எழும்பும். பிறகு கறுத்த முதுகு. அது ஆழத்துக்குப் போகுமுன் வாலை மேலே தூக்கும்போது படகில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுவிடுவார்கள். சட்டப்படி படகு சுமார் 90 மீற்றருக்கு அப்பால்தான் நிற்கவேண்டும். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. தீவுகளுக்கு இடைப்பட்ட கடல் என்பதால் அலையும் குறைவு. பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: மூடிய, சூடாக்கிய அறை உண்டா? கழிவறை உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் கைக்குழந்தைக்காரியும் போகலாம், உம்மம்மாவும் போகலாம்.

துறைமுகத்தருகிலேயே கம்பிவடத்தில் ஓடும் பெட்டியொன்று றொபர்ட்ஸ் மலையில் சுமார் 1,800 அடி உயரத்துக்கு ஏறுகிறது. இதற்கு முற்பதிவு வேண்டாம். இறங்கியதும் அண்ணாந்து பாருங்கள்; மேலே முகில் மூடியிருந்தால் பணத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெலிகொப்டர்ப் பயணங்களில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் ஏற்றும் வகையொன்றும் இருக்கிறது. அந்த நாய்களின் உழைப்பு பார்க்கவேண்டியதுதான். ஆனால் வண்டி ஓட்டம் முடிந்ததும் குட்டிகளைத் தூக்கிக் கையில் தருவார்கள், அவை முகத்தை நக்கும். ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணிட்டுக் கழுவவேண்டிய ஷாபிஈ வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பனிக்கட்டியின் மேல் மண்ணுக்கு எங்கே போவார்கள்? முன்கூட்டியே யோசித்து, வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுப்பதில்லை.

அடுத்தது ஸ்காக்வே. 1897, 1898ஆம் ஆண்டுகளில் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கிய ஊர். எல்லையில் நின்ற கனடாப் பொலிசார் ஒரு வருடத்துக்கான உணவும் சாமான்களும் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு தொன் பாரம். அதை மலைக்கு மேலே கொண்டுபோக முயன்றதில் வெள்ளைக் கணவாய்ப் பாதையில் சுமார் 3,000 குதிரைகள் செத்துப்போயின. அதன் பிறகுதான் புகையிரதப் பாதை போட்டார்கள். 1898இல் தொடங்கிய வேலை 1900ஆம் ஆண்டு ஜூலையில் முடிந்தது. மூன்றடி அகலத் தண்டவாளம். 20 மைல் தூரத்துக்குள் கடல் மட்டத்திலிருந்து 2,865 அடி ஏறிவிடுகிறது.

சகோதரிகளே, முழுக் குடும்பமும் ஒன்றாகப் போகக்கூடிய கரைப் பயணம் ஒன்றே ஒன்றைச் சொல் என்று என்னைக் கேட்டால் இந்தக் கோச்சியைத்தான் சொல்வேன். உட்கார்ந்தபடியே போகலாம். பெட்டிக்குள் சூடு உண்டு, கழிவறை உண்டு. கம்பிப் பாலமும் சுரங்கமும் பள்ளத்தாக்கும் அருவியும் யன்னலுக்கு வெளியே மாறி மாறி வரும். பழைய குதிரைப் பாதையின் தடம்கூடச் சில இடங்களில் தெரியும். பிள்ளைகள் வெளித்தட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, நீங்கள் உள்ளே இருந்து பிளாஸ்கிலுள்ள தேத்தண்ணீரை ஊற்றிக் குடிக்கலாம். சுமார் மூன்று மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம்.

ஆனால் இதில் கடவுச்சீட்டு விடயம் ஒன்று இருக்கிறது. உச்சிவரை போய், பயணிகள் இறங்காமலே திரும்பும் பயணம் வேறு. எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் போகும் நீண்ட புகையிரதப் பயணமும் பஸ் பயணமும் வேறு. இரண்டாவது வகைக்குக் கடவுச்சீட்டைக் காட்டவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் விசாவும் சரியாக இருக்கவேண்டும். கனடாப் பிரஜையான மகனுக்கு இது ஞாபகத்தில் வராது. நீங்கள்தான் கேட்கவேண்டும். கப்பலில் ஏறவே அமெரிக்க விசா தேவை என்பதையும், திரும்பக் கனடாவுக்குள் நுழைய உங்கள் விசா இடம் தருமா என்பதையும் பயணச்சீட்டு வாங்குமுன்னரே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கெச்சிக்கான் மழை ஊர். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இரத்தினபுரிக்காரருக்குப் புதிதாக இராது, மழை குளிராக இருக்கும் என்பதைத் தவிர. இங்கே பெரிதாகப் பணம் கட்டத் தேவையில்லை. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் சல்மன் மீன்கள் கடலிலிருந்து ஊர் நடுவே ஓடும் ஆற்றுக்குள் எதிர்நீச்சல் போட்டு ஏறுகின்றன. பாலத்தில் சாய்ந்து நின்று சும்மா பார்க்கலாம். முட்டையிட்டதும் அந்த மீன்கள் இறந்துவிடும். அதற்காகவே அவ்வளவு பாடு.

ஊருக்கு அருகே சாக்ஸ்மன் என்ற இடத்தில் அந்நாட்டுப் பூர்வீகக் குடிகளின் உயரமான மரத்தூண்கள் நிற்கின்றன. கழுகு, காகம், கரடி முகங்களைக் கண்டு இவை வணங்கும் சிலைகளோ என்று தயங்கவேண்டாம். ஒரு குலத்தின் சரித்திரத்தையும், இறந்தவர் நினைவையும், சிலவேளை கடனைத் திருப்பித் தராதவரைப் பற்றிய குறையையும்கூடச் சொல்வதற்காகச் செதுக்கப்பட்டவை அவை. வணக்கத்துக்கு உரியவை அல்ல.

இதே ஊரிலிருந்துதான் நீரில் இறங்கும் சிறு விமானங்கள் மிஸ்ரி ஃபியோர்ட்ஸ் மலைகளைக் காட்ட ஏற்றிப் போகின்றன. அழகில் குறையில்லை. ஆனால் 2015 ஜூனில் கப்பல் பயணிகளை ஏற்றிச் சென்ற விமானமொன்று மலையில் மோதி ஒன்பது பேரும், 2019 மே மாதம் இரு விமானங்கள் வானத்தில் மோதி ஆறு பேரும் இறந்தார்கள். முதலாவது விபத்தில், காலநிலை மோசமான பின்னரும் தொடர்ந்து பறந்ததே பிரதான காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "இன்று முகில், பறக்கமாட்டோம்" என்று விமானி சொன்னால் அவரோடு வாதாடவேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். அவர்கள் இரத்துச் செய்தால் பணம் திரும்பி வரும்.

யாரிடம் பதிவு செய்வது என்பதும் சிறு விடயமல்ல. ஒரே பயணம் கரையில் மலிவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் கப்பல் மூலமாகப் பதிந்த பயணம் பிந்தினால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அவர்கள் செலவில் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பார்கள். தனியாகப் பதிந்தவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஜூனோவுக்குப் பாதையில்லை என்று சொன்னேனே, அங்கே கப்பலைத் தவறவிட்டால் ஏழு பேருக்கும் விமானச் சீட்டு வாங்கும் செலவை யோசியுங்கள். ஊருக்குள்ளேயே சுற்றுவதற்குத் தனியாகப் போகலாம். தூரப் பயணமென்றால் கப்பல் மூலமே பதியுங்கள். அலாஸ்கா நேரம் வான்கூவருக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியது. கைத்தொலைபேசியை நம்பாமல் கப்பலின் கடிகாரத்தைப் பார்த்து இறங்குங்கள்.

தொழுகையைப் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம். ஜூன் மாதத்தில் ஜூனோவில் லுஹர் பகல் ஒரு மணியளவில், அஸர் ஐந்தரை கடந்து, மஃரிப் இரவு பத்து மணியளவில். சேர்த்தும் சுருக்கியும் தொழும் பயணச் சலுகையும் இருப்பதால் எந்தக் கரைப் பயணமும் தொழுகையை விழுங்கிவிடாது. அந்த மாதத்தில் இரவு முழுமையாக இருட்டுவதில்லை. ஆகவே இஷா, சுபஹ் நேரங்களை மட்டும் புறப்படுமுன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஹலால் உணவு வேண்டுமென்பதைக் கப்பலுக்குப் பல கிழமைகளுக்கு முன்பே எழுத்தில் அறிவியுங்கள். கரையில் சுட்ட சல்மன் மீன் தாராளமாகக் கிடைக்கும். அதே அடுப்பில் வேறு இறைச்சியும் சுடுகிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.

உடுப்பு விடயத்தில், நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் ஒரு சுவெட்டர் போதாது. கம்பளி உள்ளுடுப்பு, அதன் மேல் சுவெட்டர், அதன் மேல் நீர் புகாத நீண்ட மழையங்கி என்று அடுக்காக உடுத்துங்கள். பருத்தி நனைந்தால் காயவே காயாது. தரையில் இழுபடும் அபாயாவோடு படகுப் படியில் ஏறுவது ஆபத்து. கணுக்காலுக்கு மேலே நிற்கும் தளர்ந்த சட்டையும் அகலக் காற்சட்டையும் உதவும். முந்தானையைக் காற்றில் பறக்கவிடாமல் உள்ளே செருகிவிடுங்கள்.

பயணத்தில் கிளேசியர் பே என்ற விரிகுடாவும் இருந்தால், அன்று கரைப் பயணமே கிடையாது; ஒரு சதமும் செலவில்லை. 1794இல் ஆங்கிலேயக் கப்பற்படையினர் வந்தபோது அந்த விரிகுடா முழுவதும் பனிக்கட்டியாக இருந்தது. இன்று கப்பல் உள்ளே நூறு கிலோமீற்றரளவு போகிறது. நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதியில்லை. வனக் காவலர்கள் கப்பலில் ஏறி வந்து விளக்கம் சொல்வார்கள். பனிச்சுவருக்கு எதிரே கப்பலை நிறுத்தி, எல்லோருக்கும் தெரியும்படி மெல்லத் திருப்புவார்கள். வீடளவு கட்டியொன்று பிரிந்து கடலில் விழும். காட்சி முதலில், இடிச் சத்தம் பிறகு. அன்றைக்குச் சின்னவனை மருமகனிடம் கொடுத்துவிட்டு, காதை மூடிக்கொண்டு, காலையிலேயே மேல்தட்டின் முன்பக்கத்தில் ஒரு கதிரையைப் பிடித்துவிடுங்கள்.